பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: ஒயரில் கை வைக்கும் முன் அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்க

ஐம்பது அறுபது வயதான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால், பிக்கார்டை (உடலின் மேல் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையை அடக்குவது கஷ்டம். திறந்தவுடனே அடுத்த ஆசை வந்துவிடும்: இந்தப் பழைய சுவிட்சை மாற்றலாமா, புது பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறுதடை) போடலாமா, இரைச்சலுக்குச் செம்புத் தாள் ஒட்டலாமா? "ஒயரிங்கை மாற்றினால் சரியாகிவிடும்" என்று என்னிடம் வந்த கிட்டார்கள் பலவற்றில் மாற்றுவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை. சிலவற்றில் வெறும் அழுக்கு. சிலவற்றில் ஒரே ஒரு ஒயர் விட்டிருந்தது. இன்னும் சிலவற்றில், பழுது என்று நினைத்தது அந்த கிட்டாரின் பிறவிக் குணம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அது அப்படித்தான் ஒலித்தது.

அதனால் முதலில் அறிகுறியைக் கேளுங்கள். பழுதா, முதுமையா, பிறவிக் குணமா என்று தெரிந்த பிறகு மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். பழைய கிட்டாரில் ஐம்பது ஆண்டுகளாக யாரும் தொடாத ஈயப் பற்று (ஒயரை ஒட்டவைத்த சால்டர்) ஒன்றை உருக்கிவிட்டால், அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. விலையிலும் அது தெரியும், வரலாற்றிலும் அது ஓர் இழப்பு.

வாங்கும் இடத்திலேயே ஒரு கணக்கு

பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும் நல்ல கேபிளும் கொண்டுபோங்கள். கேபிளை கிட்டாரில் செருகி, மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளவை எடுங்கள். வால்யூம், டோன் எல்லாம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் வரும் எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பிக்கப்களின் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்கள்) உடல்நிலையைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

ஃபெண்டரின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் பொதுவாக 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை இருக்கும். கிப்சனின் பழைய ஹம்பக்கர் (உறுமலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) 7 முதல் 8.5 வரை போகும். கேபிள் வழியாக எடுக்கும்போது வால்யூம் பாட்டும் பக்கத்தில் இணையாக நிற்பதால் எண் சற்றுக் குறையும்: 6 கிலோ ஓம் பிக்கப்பும் 250 கிலோ ஓம் பாட்டும் சேர்ந்தால் 5.86 காட்டும். கிப்சனின் லெஸ் பால் மாடலில் சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் இணையாகச் சேர்ந்து, தனித்தனி அளவில் ஏறத்தாழப் பாதி வரும். வெயில் நாளில் எண் கூடித் தெரிந்தால் கவலை வேண்டாம். செம்புக் கம்பியின் தடை, வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறும்போது சுமார் 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6 கிலோ ஓம் காட்டியது 35 டிகிரியில் 6.35 காட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஒரு நிலையில் மட்டும் 6 கிலோ ஓமுக்குப் பதிலாக 250 கிலோ ஓம் அளவில் காட்டினால், அது பிக்கப்பின் எண் அல்ல, வால்யூம் பாட்டின் எண். பிக்கப் கம்பி உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது, மீட்டருக்குக் கிடைத்தது பாட் மட்டும்தான். பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட்.

விற்பவர் பிக்கார்டைத் திறக்க ஒப்புக்கொண்டால் ஈயப் பற்றுகளைப் பாருங்கள். பழைய பற்று மங்கிச் சாம்பல் நிறமாக, தூசி படிந்து இருக்கும். பளபளக்கும் புது உருண்டை, பருத்தித் துணி சுற்றிய ஒயர்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஒயர், வெப்பத்தில் சுருங்கும் குழாய் ஒரு துண்டு இவையெல்லாம் யாரோ கை வைத்ததற்கு அடையாளம். கை வைத்ததாலேயே வாங்கக் கூடாது என்றில்லை. "அசல்" என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் மட்டும் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

பாட்டின் முதுகில் பொறித்த எண்ணையும் படியுங்கள். அது பாட் செய்த கம்பெனியைச் சொல்லும்: 137 என்று தொடங்கினால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். 1376633 என்றால் சிடிஎஸ் 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் செய்தது. மொத்தம் ஆறு இலக்கம் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு ஓர் இலக்கம்தான், பத்தாண்டை வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எண் பாட்டின் வயதைத்தான் சொல்லும். கிட்டார் அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஃபெண்டர் 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிப் போட்டதால், அதற்குப் பின் சில ஆண்டுகள் வந்த கிட்டார்களிலும் 1966-ஆம் ஆண்டுப் பாட்களைப் பார்க்கலாம்.

அறிகுறி: எங்கே தொட்டாலும் உறுமல்

பழைய கிட்டாரைப் பற்றிய புகார்களில் முதலிடம் இதற்குத்தான். அவசரப்பட்டுச் செய்யும் தவறுகளும் இங்கேதான் அதிகம். உறுமல் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் உள்ளே நான்கைந்து வெவ்வேறு கதைகள் இருக்கின்றன. வாசிக்கும் கம்பியைத் தொட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைகிறதா? அப்படியென்றால் எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது. உங்கள் உடம்பு வாங்கிக்கொண்டிருந்த மின் இரைச்சல் கம்பி வழியாக எர்த்துக்கு வடிகிறது. இது ஆரோக்கியமான கிட்டாரின் நடத்தை.

கம்பியைத் தொட்டால் மாற்றம் இல்லை, ஆனால் ஜாக் தகட்டையோ கேபிள் பிளக்கின் உலோகத்தையோ தொட்டால் குறைகிறதா? பிரிட்ஜுக்கு (கம்பிகள் உடலின் மேல் தாங்கி நிற்கும் பாகம்) போகும் எர்த் ஒயர் விட்டுவிட்டது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்த ஒயர் பின்பக்கம் ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் இரும்புக் கொக்கியில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரில் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். லெஸ் பாலில், கம்பிகளின் பின்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸின் திருகு இறங்கும் துளைக்குள் மறைந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் தண்டுப் பக்கத்திலும் வையுங்கள். ஓர் ஓம், இரண்டு ஓம் என்ற அளவில் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ இடம் கண்டுபிடித்தாயிற்று.

தொட்டதும் உறுமல் கூடுகிறதா? ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கலாம். யாரோ ஜாக்கை மாற்றியபோது நேர்ந்த தவறு, பழைய கிட்டார்களில் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் உறுமல் கூடி இன்னொரு திசையில் கிட்டத்தட்ட மறைந்தால், அது ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ பக்கத்து மின்கருவியிலிருந்தோ வரும் காந்தப்புலம். ஒற்றைச் சுருள் பிக்கப் அதைப் பிடிக்கத்தான் செய்யும். செம்புத் தாள் ஒட்டினால் இது போகாது. இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதற்காகவே எத்தனையோ பழைய கிட்டார்களின் உட்குழியில் கறுப்புக் கடத்திப் பெயின்ட்டைப் பூசிவிட்டிருக்கிறார்கள். தாளும் பெயின்ட்டும் மின்புலத்தைத் தடுக்கும். மங்கிய விளக்கு, டிம்மர் போன்றவற்றின் ஜிவ்வென்ற இரைச்சல் குறையும். டிரான்ஸ்ஃபார்மர் உறுமலுக்கு வழி, தள்ளி உட்காருவதும் திசை மாற்றுவதும்தான். பூசிய பெயின்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது, கூடவே பழைய குழியில் தொழிலாளி பென்சிலால் எழுதிய தேதி இருந்தால் அதுவும் போச்சு. தடுப்பு வேண்டுமென்றால் குழியைத் தொடாமல், பிக்கார்டின் அடியில் பொருந்தும்படி தகடு ஒன்றை வெட்டி வைத்து எர்த்தோடு இணையுங்கள்.

இன்னொன்று. பழைய ஸ்ட்ராட்டில் ஐந்து நிலை சுவிட்ச் போட்டும், இரண்டு பிக்கப் சேரும் இடைநிலைகளில் உறுமல் அடங்கவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. இடைநிலையில் இரைச்சல் அடங்க வேண்டுமானால் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருக்க வேண்டும். பழைய ஸ்ட்ராட்களில் மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரிதான். எங்கும் தவறில்லை.

அறிகுறி: கம்பியில் சுர்ரென்று ஷாக்

வாசித்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் சுர்ரென்று அடிக்கிறதா? உடனே நிறுத்துங்கள். கிட்டாரில் பேட்டரிகூட இல்லை. மின்சாரம் ஆம்ப்பிலிருந்தோ சுவரிலிருந்தோ வருகிறது. எர்த் முள் இல்லாத இரண்டு முள் பிளக்குடன் வரும் பழைய வால்வு ஆம்ப்கள் முதல் சந்தேகம். அவற்றில் மின்வழிக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் கம்பியில் நேரடியாக மெயின்ஸ் வந்துவிடும். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து மூன்று முள் ஒயர் போட்டு, அந்தக் கெபாசிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஆம்ப்பைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தேங்கியிருக்கும்.

ஷாக் அடிக்கிறது என்பதற்காக பிரிட்ஜ் எர்த் ஒயரை வெட்டுவது தீர்வல்ல. உறுமல் கூடும், ஆபத்து அப்படியே இருக்கும்.

அறிகுறி: திருகினால் கரகரப்பு, அசைத்தால் விட்டு விட்டுச் சத்தம்

எது கரகரக்கிறது என்று பிரியுங்கள். வால்யூமைத் திருகும்போது மட்டுமா, சுவிட்சைத் தள்ளும்போதா, கேபிளை ஆட்டும்போதா?

கேபிளை ஆட்டும்போது என்றால் ஜாக். பெரும்பாலும் நுனியைப் பிடிக்கும் தகடு தளர்ந்திருக்கும். விரலால் மெல்ல உள்நோக்கி வளைத்தால் போதும். ஜாக்கின் நட்டு தளர்ந்து ஜாக்கே சுற்றியிருந்தால், உள்ளே ஒயர் முறுக்கேறி அறுந்துகொண்டிருக்கும். நட்டை இறுக்கும்போது ஜாக் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாட் என்றால், தொடர்புப் புள்ளிகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் கிளீனரில் சிறிதளவை, மூன்று கால்கள் வெளியே வரும் இடத்தில் உள்ள இடுக்கு வழியாக விட்டு, முப்பது நாற்பது முறை முழுச் சுற்றாகத் திருப்புங்கள். துரு நீக்கும் பொது எண்ணெய்கள் வேண்டாம். பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷின் மேல் கிளீனர் சிந்தாமல் சுற்றிலும் துணி போர்த்துங்கள். கரைப்பான் பட்டால் அந்தப் பூச்சு இளகிப் போகும். சுவிட்சுக்கும் இதே மருந்துதான், இரண்டு சொட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தொடர்புத் தகட்டின் மேல்பூச்சு போய்விடும்.

கிளீனர் போட்டும் கரகரப்பு அப்படியே இருக்கிறதா? அதே ஆம்ப்பில் வேறொரு கிட்டாரைச் செருகி அதன் வால்யூமைத் திருகிப் பாருங்கள். அதுவும் கரகரத்தால் குற்றவாளி ஆம்ப். உள்ளீட்டில் டிசி மின்னழுத்தம் கசிந்து பாட்டின் மேல் ஏறினால் புத்தம் புதுப் பாட்கூடக் கரகரக்கும். இதைப் பார்க்காமல் அசல் 1960-களின் பாட்களைக் கழற்றி வீசியவர்கள் உண்டு.

வாசிக்கும்போது கை பிக்கார்டில் உரசினால் மட்டும் சடசடவென்று வந்தால் நிலைமின்சாரம். உலர்ந்த நாளில் மோசமாக இருக்கும். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் அப்போதைக்கு அடங்கும். அடியில் எர்த் செய்த தகடு இருந்தால் நிரந்தரமாக அடங்கும். 1960-களின் முதல் பாதி ஸ்ட்ராட்களில் வரும், பச்சை சாயல் ஏறிய செல்லுலாய்டு பிக்கார்டு காலப்போக்கில் சுருங்கும். திருகை எடுத்ததும் அது துள்ளி வரலாம், ஓரம் விரியலாம். எல்லாத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்று முறையில் தளர்த்துங்கள். அந்தப் பொருள் எளிதில் தீப்பற்றும் வகை. சூடான சால்டரிங் அயர்னை அதன் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: ஒரு பிக்கப் மட்டும் மெலிந்து, கீச்சென்று ஒலிக்கிறது

கம்பி அறுந்த பிக்கப் முழு மௌனமாகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆகாது. அறுந்த இரு முனைகளுக்கு இடையே சுருளின் கெபாசிட்டன்ஸ் வழியாக உயர் அதிர்வெண் மட்டும் கசிந்து வரும். தூரத்து வானொலி போல மெல்லிய கீச்சு. இதை "பிரகாசமான பிக்கப்" என்று விற்பவர் சொல்லக்கூடும். மேலே சொன்ன மீட்டர் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

பிக்கப்பில் சுற்றியிருக்கும் கம்பி 0.063 மில்லிமீட்டர் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஃபெண்டரின் பழைய பிக்கப்களில் அந்தக் கம்பி நேரடியாகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டது. காந்தம் துருப்பிடித்தால் உள்சுற்றுக் கம்பியை அரிக்கும். அதனால் ஒரு கண்டிப்பு: தண்டுக் காந்தங்களை மேலோ கீழோ தள்ளி உயரம் சரிசெய்யாதீர்கள். திருகு போல இருந்தால்தான் திருகலாம். தண்டைத் தள்ளினால் உள்சுற்று அறுந்துவிடும்.

அறுந்தது உறுதியானால், உடனே மறுசுற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நுண்கம்பி, பிக்கப்பின் அடித்தட்டில் உள்ள சிறு உலோகத் துளை வளையத்தோடு ஒட்டும் இடத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிமுனை அந்த இடத்திலேயே விட்டிருப்பது நிறைய நடக்கிறது, ஒரு துளி ஈயத்தில் உயிர் வந்துவிடும். உள்ளே ஆழத்தில் அறுந்திருந்தால் மறுசுற்று ஒன்றே வழி. அதுவரை வேறொரு பிக்கப்பைப் போட்டு வாசியுங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக நன்றாக ஒலித்து, இரண்டையும் சேர்க்கும்போது மட்டும் ஒலி சுருங்கி மூக்கால் பாடுவது போலாகிறதா? அது கம்பி அறுந்ததல்ல, எதிர்க்கட்டம். ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி ஒன்றையொன்று அழிக்கிறது. யாரோ ஒரு பிக்கப்பை மாற்றியிருக்கிறார்கள், அல்லது கழற்றியபோது காந்தம் திரும்பியிருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகும். டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் அப்படியே மாற்றக் கூடாது. அதன் உலோக மூடி எர்த் ஒயரோடு இணைந்திருக்கும். மாற்றினால் மூடிக்குச் சிக்னல் போய், கை பட்டாலே உறுமும். மூடியின் இணைப்பைப் பிரித்துத் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். பின்னல் உறை போட்ட ஒற்றை ஒயர் ஹம்பக்கரிலும் ஒயரை மாற்றுவது சரிவராது. அங்கே உள்காந்தத்தைத் திருப்ப வேண்டும், அதற்கு மூடியின் ஈயத்தை உருக்க வேண்டும். 1957 முதல் வந்த, காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்ற ஒட்டுடன் இருக்கும் கிப்சன் ஹம்பக்கர் என்றால் அந்த மூடியை நான் தொடமாட்டேன். நடுநிலையின் மூக்கொலியோடு வாழலாம்.

அறிகுறி: எல்லாமே மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவது போல

முதலில் பிறவிக் குணம் எது என்று பாருங்கள், ஏனென்றால் இந்த அறிகுறியில் பாதிக் கதை அதுதான்.

1952 முதல் 1967 வரை வந்த டெலிகாஸ்டரில் சுவிட்சை முன்பக்கம் தள்ளினால் கழுத்துப் பிக்கப் ஒரு கெபாசிட்டர் வழியாக, உயர் ஒலியெல்லாம் வெட்டுப்பட்டு, பேஸ் கிட்டார் போல ஒலிக்கும். நடுவில் கழுத்துப் பிக்கப் மட்டும் டோனோடு வரும். பின்னால் பிரிட்ஜ். இரண்டு பிக்கப்பும் சேரும் நிலையே கிடையாது. 1967-இல்தான் ஃபெண்டர் இன்றைய முறைக்கு மாற்றியது. நடுநிலையில் இரண்டும் சேரவில்லை, முன்நிலை மங்கல் என்று கவலைப்படுகிறவர் உண்மையில் அசல் ஒயரிங் கையில் இருக்கிறது என்று மகிழ வேண்டும்.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டரில் மேல்பக்கக் கொம்பில் ஒரு சிறு நகர்த்துச் சுவிட்ச் உண்டு. அது மேலே தள்ளியிருந்தால் கழுத்துப் பிக்கப் மட்டும், தனி வால்யூம் டோனோடு, மென்மையான மங்கல் ஒலியில் வரும். கீழே இருக்கும் வால்யூமைத் திருகினால் ஒன்றும் ஆகாது. கை பட்டு அது நகர்ந்திருப்பதுதான் பல "பழுது"களின் முடிவு.

கிப்சன் இஎஸ்-345-இல் ஒரு பிக்கப் மட்டும் பேசவில்லையா? அந்த மாடல் ஸ்டீரியோ. சாதாரண மோனோ கேபிளில் ஒன்றுதான் வரும். இரண்டையும் பிரித்தெடுக்கும் கேபிள் வேண்டும்.

லெஸ் பாலில் நடுநிலையில் ஒரு வால்யூமைப் பூஜ்யமாக்கினால் இரண்டும் அடங்கிவிடுவதும் இதே வகைதான். அந்த ஒயரிங் அப்படி.

இவை எதுவும் இல்லையென்றால் பாட்டின் மதிப்பைப் பாருங்கள். பாட்டின் ஓம் குறையக் குறைய உயர் ஒலி எர்த்துக்கு வடியும். ஃபெண்டர் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும் கிப்சன் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். 1970-களின் கிப்சன்களில் 300 கிலோ ஓம் வால்யூமும் 100 கிலோ ஓம் டோனும் போட்டார்கள்; அவை மங்கலாக ஒலிப்பதற்கு இதுவே போதும். இங்கே பாட் மாற்றுவது நியாயமான மாற்றம் என்பேன், அசல்களைக் காப்பாற்றி வைக்கும் வரை.

கேபிளையும் மறக்காதீர்கள். ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் பத்து மீட்டர் கேபிள் 1000 பிக்கோஃபாரட். மூன்று மீட்டர் கேபிளைப் போட்டதும் "பிக்கப்புக்கு உயிர் வந்துவிட்டது" என்று தோன்றும்.

டோனைக் குறைத்தால் ஒலி மங்குவதற்குப் பதில் சத்தமே அடங்கிப் போகிறதென்றால் டோன் கெபாசிட்டர் ஷார்ட். அதன் ஒரு காலை மட்டும் விடுவித்து மீட்டர் வைத்தால் தெரியும். எண் எதுவும் நிற்கக் கூடாது. இது அரிது. பழைய கெபாசிட்டர் வயதானதாலேயே மாற்ற வேண்டியதில்லை, கிட்டாரில் அதன் மேல் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை.

அறிகுறி: சத்தம் ஏற்றினால் பிக்கப் கிறீச்சிடுகிறது, உச்சக் கட்டைகளில் சுதி தடுமாறுகிறது

நகத்தால் பிக்கப்பைத் தட்டுங்கள். ஆம்ப்பில் டொக்கென்று கேட்டால் அது மைக் போல வேலை செய்கிறது. பழைய பிக்கப்களில் கொஞ்சம் இருப்பது இயல்பு, பலருக்கு அதுதான் அந்த ஒலியின் உயிர். மிஞ்சினால் தளர்ந்த மூடி, தளர்ந்த ஸ்பிரிங், அதிரும் பிரிட்ஜ் தகடு ஆகியவற்றைப் பாருங்கள். கிறீச்சை அடக்கப் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்குவதைப் பழைய கிப்சன் ஹம்பக்கரில் முயல வேண்டாம். உள்ளே இருக்கும் சுருள் சட்டம் சூட்டில் வளைந்துவிடும்.

தடித்த கம்பியில் பன்னிரண்டாம் கட்டைக்கு மேல் இரண்டு சுதி கேட்பது போல அலைந்தால் ஒயரிங்கில் ஒன்றுமில்லை. பிக்கப் காந்தம் கம்பியை இழுக்கிறது. பேஸ் பக்கத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள்.

எல்லாம் சரி, இருந்தும் மாற்றம் வேண்டும் என்றால்

நான் வைத்துக்கொண்டிருக்கும் கோடு ஒன்றுதான்: நாளைக்கு இன்னொருவர் ஒரு மாலைப்பொழுதில் பழையபடி ஆக்கிவிட முடிய வேண்டும். துளை போடுவது, மரத்தைக் குடைவது, அசல் ஒயரை நீளம் குறைப்பது மூன்றும் கோட்டுக்கு அப்பால். சிறு சுவிட்சுக்காகப் பழைய பிக்கார்டில் துளை போட்ட கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

ஸ்ட்ராட்டுக்கு மிக நல்ல வழி, இரண்டாவது பிக்கார்டு ஒன்றில் புதுப் பாட், சுவிட்ச், பிக்கப் எல்லாம் சேர்த்து முழு ஒயரிங்கையும் வெளியிலேயே செய்வது. அசலைப் பிரிக்க மூன்று பற்றுகளை மட்டும் தொட்டால் போதும்: ஜாக்கில் இரண்டு, ஸ்பிரிங் கொக்கியில் ஒன்று. பாட் முதுகில் உள்ள பழைய பற்றுகள் எல்லாம் அப்படியே இருக்கும். கொக்கி பெரிய இரும்பு, சிறு அயர்ன் சூடேற்றத் திணறும். நல்ல வாட் உள்ள அயர்னை ஏறத்தாழ 370 டிகிரியில் வைத்து, ரோசின் கலந்த ஈயத்தோடு, சீக்கிரம் முடியுங்கள். அமில ஃபிளக்ஸ் வேண்டாம், நாள்பட அரிக்கும்.

முதலில் எது? ஐந்து நிலை சுவிட்ச். 1977 வரை ஸ்ட்ராட்டில் மூன்று நிலைதான். அதற்கு முன்பே வாசிப்பவர்கள் சுவிட்சை இடையில் நிறுத்தி அந்த ஒலியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து, பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கொடுப்பது. அசலில் அதற்கு டோனே கிடையாது, ஒரே ஒரு சிறு ஒயர் போதும், கூர்மை குறைந்து வாசிக்கச் சுகமாகும்.

லெஸ் பாலில் வால்யூமைக் குறைத்ததும் ஒலி மங்குகிறது என்பவர்கள் 1950-களின் முறையை முயலலாம். டோனை வால்யூம் பாட்டின் பிக்கப் பக்கக் காலிலிருந்து எடுத்து, வெளியீட்டுக் காலில் இணைப்பது. வேறு பாகம் எதுவும் தேவையில்லை. வால்யூமும் டோனும் கொஞ்சம் ஒன்றையொன்று இழுக்கும், விரல் பழகிவிடும். இதற்கு மாற்றாக 680 பிக்கோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாக வால்யூம் பாட்டின் இரு கால்களுக்கு இடையே போடுவது உண்டு. எனக்கு 1950-களின் முறைதான் பிடிக்கும். குறைந்த சத்தத்தில் இரண்டாவது முறை சற்று மெலிந்து கேட்கிறது.

நடுநிலையில் இரண்டு வால்யூமும் தனித்தனியாக வேலை செய்ய ஒயர்களை மாற்றிப் போடலாம். ஆனால் குறைக்கும்போது உயர் ஒலி இன்னும் வேகமாகப் போகும். நான் போட்டுப் பார்த்து ஒரே வாரத்தில் திருப்பிவிட்டேன். இழுத்தால் மாறும் இரட்டைப் பாட் வாங்கும் முன் குழியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், அந்தப் பாட்டின் உடல் நீளமானது.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பற்றையும் புகைப்படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் இடம் எழுதிய சிறு பை. முடித்து மூடியதும், வாங்கும் நாளில் செய்தது போலவே கேபிள் வழியாக எல்லா நிலைகளிலும் ஓம் எடுத்து, அன்று காகிதத்தில் குறித்த எண்களோடு ஒப்பிடுங்கள். அசல் பிக்கப்களே இருந்து, எண் ஒன்று அரை கிலோ ஓமுக்கு மேல் தள்ளிப் போயிருந்தால், முதலில் அறையின் வெப்பத்தைப் பாருங்கள், பிறகு பாட்டின் மதிப்பை, கடைசியாக நீங்கள் வைத்த ஈயத்தை. பொருந்திவிட்டால் அந்தக் காகிதத்தையும் அசல் பாகங்கள் இருக்கும் பையையும் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுங்கள்.